உயிருக்கு ஈடு

கொலைக்குக் கொலை என்பதே பழந்தமிழர் நீதி என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம், நேயர்களே. கொன்றவனிடம் ஈடு வாங்கிக்கொண்டு அவனை உயிரோடு விடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. அரேபியர் ஓர் உயிருக்கு 100 ஒட்டகைகள் என்று வகுத்ததையும், ஆங்கிலேயரின் முன்னோர் குடிப்பிறப்புக்கேற்ப ஆளுக்கொரு விலை வைத்திருந்ததையும் பலர் அறிவர். நம்மவர் வழி இவற்றினின்றும் வேறானது.

முதலில் இலக்கியத்தைப் பார்ப்போம். ஆற்றில் மிதந்து வந்த காயொன்றை நீராடச் சென்ற பெண் எடுத்துத் தின்றாள். அது நன்னனுடைய காவல் மாமரத்துக் காய் என்பர். அவளைக் கொல்ல ஆணையிட்டான் நன்னன். அவள் உயிருக்கு ஈடாக 81 களிறுகளும், அவள் நிறைக்குப் பொன்னாற் செய்த பாவையும் தர முன்வந்தும் அவன் இசையவில்லை. குறுந்தொகையில் இதைச் சொல்பவர் பரணர். பெண்ணைக் கொன்றவன் என்ற பழியோடுதான் நன்னன் பெயர் இன்றும் நிற்கிறது.

ஈட்டை மறுத்த இன்னொருவன் மனுநீதிச் சோழன். பசுக்கன்று தேர்க்காலில் மாண்டதற்கு மறைநூல் கூறும் கழுவாயைச் செய்தால் போதும் என்கின்றனர் அமைச்சர். கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று அரசன் கேட்பதாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இனி ஏட்டை விட்டுக் கல்லுக்கு வருவோம். வேட்டைக்குச் சென்றவன் அம்பு எய்கிறான்; பட்டு விழுந்தது விலங்கன்று, மனிதன். இத்தகைய நிகழ்ச்சிகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நாட்டார் கூடி விசாரிப்பர். பகையினால் நேர்ந்ததன்று, கைப்பிழை என்று கண்டால், இவன் சாகவேண்டா, கோயிலில் விளக்கெரிப்பானாக என்று தீர்ப்பர். அணையா விளக்கொன்றுக்கு வழக்கமான கணக்கு 96 ஆடுகள். சில தீர்ப்புகளிற் பசுக்கள். இவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் எழுதினர். விளக்குக் கொடைகளில் வழக்கமாக வரும் தொடர்தான்; ஆயினும் கொலைக்கு ஈடாக வைத்த விளக்கில் அதைப் படிக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது.

இன்னொரு கல்வெட்டு. வரி கேட்டுச் சென்ற அலுவலன், தான் வரியிறுக்கக் கடமைப்பட்டவள் அல்லள் என்ற பெண்ணைச் சத்தியச் சோதனைக்கு உள்ளாக்கினான். அவள் நஞ்சுண்டு மாண்டாள். வாளோ அம்போ அவளைத் தீண்டவில்லை. ஆயினும் பல நாட்டாரும் கூடி, இச்சாவுக்கு அவனே பொறுப்பு என்று முடிவு செய்தனர். 32 காசு கொடுத்து அவன் விளக்கு வைத்தான். வரி தண்டும் அதிகாரம் அவனைக் காப்பாற்றவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இதை வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தபோது உயர்தர மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"விளக்கும் கோயிலுக்கு, நெய்யும் கோயிலுக்கு. செத்தவரின்ரை தாய்க்கு என்ன சேர் கிடைச்சது?"

விளக்கின் புண்ணியம் இறந்தவனைச் சேரும் என்பது அக்கால நம்பிக்கை என்றேன். அவள் உட்காரவில்லை. உதிரப்பட்டி என்றொரு கொடை உண்டு, ஊரைக் காக்கப் பொருது மாண்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் அது, அவன் சிந்திய உதிரத்தின் பெயராலேயே அதனை வழங்கினர் என்று விளக்கினேன்.

"அது சண்டையிலை செத்தவருக்கு. நான் கேக்கிறது காட்டிலை பிழையாய் அம்பு பட்டுச் செத்தவரை" என்றாள்.

சேக்கிழாரின் சோழன் அமைச்சரிடம் கேட்டதும் ஏறத்தாழ இதையேதான்.