மேட்டூர் அலுமினியமும் உருகாமல் ஒட்டும் கலையும்

நம் சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு அலுமினியம் வெளியூர்ச் சரக்கு அல்ல. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குத்தான் போனது. 1960-ல் பிறந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது நம் ஊர் 'மால்கோ', 1965 முதல் அங்கே உலோகம் எடுத்தது. கிலோவுக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் தின்னும் தொழில் அது. 2008 இறுதியில், உலக விலை சரிந்த நேரத்தில், உலை நின்றது.

எடுப்பது ஒரு பாடு என்றால் ஒட்டுவது இன்னொரு பாடு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடு தோலோ 2000 டிகிரி தாண்டியும் அசையாது. உருகிய உலோகம் ஹைட்ரஜனைக் குடித்து, உறையும்போது பொத்தல் விடும். இரும்பில் கைதேர்ந்த வெல்டரும் இதில் திணறுவார்.

1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸ் குழுவினர் வேறு வழி கண்டார்கள். உருக்கவே வேண்டாம்! சுழலும் கருவியின் முனையை இரு தகடுகளின் சந்திப்பில் இறக்கி நகர்த்தினால், உராய்வுச் சூட்டில் உலோகம் இளகிக் கலந்துவிடும். நம் வீட்டில் துடுப்புப் போட்டு ராகிக் களி கிண்டுவது போலத்தான். 1999-ல் இந்த இணைப்போடு அமெரிக்காவின் டெல்டா ராக்கெட் பறந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய மில்லிங் மெஷினிலேயே செய்து பார்க்கும் மாணவர்களும் உண்டு.

ஆனால் தம்பிகளே, தங்கைகளே, ஒன்றை மறக்காதீர்கள். 6061-டி6 தகட்டின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். இணைப்பில் பொதுவாக அதில் 60 முதல் 80 சதவீதம்தான் மிஞ்சும். கிண்டிய இடத்தில் மணிகள் பொடியாகி நன்றாகவே இருக்கும். சூடு பட்ட இருபுறமும்தான் வம்பு: வலிமை தந்த மெக்னீசியம்-சிலிக்கான் துகள்கள் அங்கே பருத்துப்போகும். இழுத்தால் பெரும்பாலும் அங்கேதான் அறும். கருவியை அவசரமாக ஓட்டினால் உள்ளே சுரங்கம் போல ஓட்டை விழும். மெதுவாக ஓட்டிச் சூடேற்றினால் பக்கம் இன்னும் தளரும். மேலே பார்த்தால் இரண்டும் பளபளவென்றே இருக்கும்.

ஆகவே தகட்டின் வலிமையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; இணைப்பை இழுத்துப் பார்த்துப் போடுங்கள். லாரி பாடியோ டேங்கரோ, நம் பக்கத்தில் செய்த வண்டி நம் சாலையில்தான் ஓடுகிறது. பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவ நண்பர்கள், இழுத்துப் பார்க்கும் மெஷினுக்காக நம் கல்லூரி ஆய்வகக் கதவைத் தட்டலாமே! மேட்டூர் உலை அணைந்தது நம் கையில் இல்லை. இது நம் கையில் இருக்கிறது.