வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் அர்பத்நாட் திவாலும்

வி. கிருஷ்ணசுவாமி ஐயர் (1863–1911) சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். மயிலாப்பூரில் சம்ஸ்கிருதக் கல்லூரியையும் ரானடே நூலகத்தையும் நிறுவியவர் என்ற அளவில் அவர் பெயர் இன்று நினைக்கப்படுகிறது. பாரதி ஆய்வாளர்களுக்கு அவர் வேறொரு வகையில் அறிமுகம். அரசியலில் மிதவாதியாக இருந்தும், தீவிரவாதியான பாரதியின் தேசியப் பாடல்களைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவர். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கையின் உச்சம் 1906-ல் நிகழ்ந்த ஒரு திவாலோடு பிணைந்தது.

வக்கீல் தொழில்

தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்த கிருஷ்ணசுவாமி ஐயர் கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1885-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் 'வக்கீல்' என்பது எல்லா வழக்கறிஞருக்கும் உரிய பொதுப்பெயராக உயர் நீதிமன்றத்தில் வழங்கவில்லை. லண்டன் சென்று படித்துத் திரும்பியவர் பாரிஸ்டர். இந்தியாவிலேயே சட்டம் படித்துத் தேறியவர் வக்கீல். கல்கத்தாவில் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு வக்கீல்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. நகரத்தின் பெரிய வணிக வழக்குகள் எல்லாம் அந்தப் பிரிவுக்குத்தான் வரும். சென்னையிலோ அந்தக் கதவு வக்கீல்களுக்கும் திறந்திருந்தது. கப்பல் சரக்கு, கம்பெனிக் கணக்கு, கூட்டு வியாபாரத் தகராறு ஆகியவற்றில் சென்னை வக்கீல்கள் பாரிஸ்டர்களோடு மோதிப் பயிற்சி பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1891-ல் மயிலாப்பூர் வக்கீல்கள் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழை வளர்த்ததில் கிருஷ்ணசுவாமி ஐயருக்குப் பெரும் பங்கு உண்டு. தீர்ப்புகளைத் திரட்டி, விமர்சித்து வெளியிட்ட அந்த இதழ், நீதிபதிகளும் புரட்டிப் பார்க்கும் நூலாயிற்று. பின்னாளில் திருவிதாங்கூர் திவானாகப் புகழ்பெற்ற சி. பி. ராமசுவாமி ஐயர் அவரிடம் தொழில் பழகியவர்.

அர்பத்நாட் கம்பெனி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை வாணிபத்தில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்று பெயர்களும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. அர்பத்நாட் கம்பெனி ஏற்றுமதி இறக்குமதியோடு வங்கித் தொழிலும் செய்தது. அதன் முதன்மைப் பங்காளி சர் ஜார்ஜ் அர்பத்நாட், மாகாணத்தின் பெரிய மனிதர்களுள் ஒருவர். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், ஜமீன்தார்கள், சிறு வியாபாரிகள் எனப் பலரும் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தனர். அந்தப் பெயர்தான் அவர்களுக்கு ஜாமீன். 'வெள்ளைக்காரன் கம்பெனி, எங்கே போய்விடும்?' என்பதே பொது நினைப்பு.

சட்டப்படி பார்த்தால் அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம் மட்டுமே. பங்குகள் விற்கப்பட்ட கம்பெனி அன்று. ஆண்டுக் கணக்கை ஊரறிய வெளியிட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. அதனோடு இணைந்திருந்த லண்டன் நிறுவனத்தைப் பாட்ரிக் மாக்ஃபாடியன் நடத்தி வந்தார். லண்டனில் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் விழுந்த நட்டம், சென்னையில் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கண்ணுக்கு எட்டவேயில்லை. 1906 அக்டோபர் 20-ஆம் தேதி மாக்ஃபாடியன் லண்டனில் சுரங்க ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை, அக்டோபர் 22 அன்று, சென்னை அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பங்காளிகள் திவால் நீதிமன்றத்தை நாடினர்.

திவால் நீதிமன்றம் செய்வது என்ன?

கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தவரை 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்றும் 'ஐ.பி. போட்டுவிட்டார்' என்றும் நம் ஊரில் சொல்வதுண்டு. ஐ.பி. என்பது திவால் மனுவுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அந்த மனுவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை அறிந்தால்தான் இந்த வழக்கில் வக்கீலின் வேலை விளங்கும்.

சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் அப்போது நடப்பில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் திவால் சட்டம். மனு ஏற்கப்பட்டதும் கடனாளியின் சொத்து முழுவதும் 'அஃபிஷியல் அசைனி' என்ற நீதிமன்ற அதிகாரியின் கைக்கு மாறிவிடும். அவர் அதை விற்றுக் காசாக்கி, நிரூபிக்கப்பட்ட கடன்களுக்கு விகிதப்படி பங்கிடுவார். ரூபாய்க்கு இத்தனை அணா என்று தவணை தவணையாகக் கிடைக்கும். முந்தி வந்தவனுக்கு முழுப் பணம், பிந்தியவனுக்கு வெறுங்கை என்ற நிலை வரக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஆகவே திவாலாகும் தறுவாயில், வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் கடனாளி பணத்தைத் தீர்த்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கூட்டு வியாபாரம் என்றால் சிக்கல் இரட்டிப்பு. கம்பெனியின் சொத்து முதலில் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு. ஒவ்வொரு பங்காளியின் சொந்தச் சொத்தும் முதலில் அவரவருக்குத் தனிப்படக் கடன் கொடுத்தவர்களுக்கு. எந்த வீடு எந்தக் கணக்கில் சேரும், மனைவி பெயரில் உள்ளது யாருடையது என்று ஒவ்வொன்றும் வழக்காகும்.

இன்னும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் கம்பெனியில் ஆயிரம் ரூபாய் டெபாசிட் செய்தால், சட்டத்தின் பார்வையில் அந்தப் பணம் கம்பெனியுடையதாகிவிடுகிறது. அவருக்கு மிஞ்சுவது ஒரு கடன் பாத்தியதை. அதே ஆயிரத்தை 'எனக்கு அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கிக் கொடுங்கள்' என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அது நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த பணம் என்று வாதிட வழி இருக்கிறது. வாதம் வென்று, அந்தப் பணத்தை அடையாளம் காட்டவும் முடிந்தால் அவருக்கு முழுத் தொகை. தோற்றால் மற்றவர்களோடு வரிசையில் நின்று அணாக் கணக்கில் பங்கு. ஒரு குடும்பத்தின் பிழைப்பு, பழைய கடிதம் ஒன்றில் உள்ள இரண்டு வரிகளைப் பொறுத்திருந்தது.

வழக்கும் அதன் எல்லையும்

பணம் இழந்தவர்களின் தரப்பில் முன்னின்றவர் கிருஷ்ணசுவாமி ஐயர். ஊரின் அதிகார வட்டத்தில் அர்பத்நாட்டுக்கு இருந்த செல்வாக்கை நினைத்தால் இது சின்னக் காரியமில்லை. ஐரோப்பிய வணிகர்களைப் பகைத்துக்கொண்டால் பெரிய வழக்குகளை இழக்க நேரிடலாம் என்பது வணிக வக்கீலான அவருக்குத் தெரியாதிருக்காது. விசாரணையில் கம்பெனி நெடுநாளாகவே கடனில் மூழ்கியிருந்ததும், அதை மறைத்துக்கொண்டே பொதுமக்களிடம் பணம் வாங்கியதும் வெளிப்பட்டன. சர் ஜார்ஜ் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டு, 1907-ல் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் 'சர்' பட்டம் பெற்ற வெள்ளைக்கார வணிகர் ஒருவர் சிறை சென்றது அன்றைய சென்னைக்குப் பெரும் அதிர்ச்சி.

ஆனால் தண்டனை கிடைத்ததால் டெபாசிட் திரும்பிவிடவில்லை. திவால் சட்டம் இருப்பதைப் பங்கிடும், இல்லாததை உண்டாக்காது. எத்தனை திறமையான வக்கீலும் அந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். கிருஷ்ணசுவாமி ஐயரின் சிறப்பு, நீதிமன்றத்தில் கண்ட இந்தக் குறைக்கு நீதிமன்றத்துக்கு வெளியே விடை தேடியதில் இருக்கிறது என்று கருதலாம்.

இந்தியர் பணத்துக்கு இந்தியர் நடத்தும் வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முனைந்தனர். சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம். பேச்சு எளிது, முதல் திரட்டுவது கடினம். வட்டித் தொழிலும் உண்டியலும் கைவந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களிடம் அவர் சென்றார். அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் ராமசாமி செட்டியார் துணை நின்றார். 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்ட் 15-ல் வேலையைத் தொடங்கியது. அர்பத்நாட்டைப் போல நாலு பேர் கூட்டாக இல்லாமல், பங்குதாரர்களும் இயக்குநர் குழுவும் தணிக்கை செய்த கணக்கும் கொண்ட வரையறுக்கப்பட்ட கம்பெனியாக அது அமைந்தது.

இங்கே ஒரு முரணைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டு வியாபாரத்தில் பங்காளியின் சொந்த வீடும் நிலமும் கடனுக்குப் பொறுப்பு. வரையறுக்கப்பட்ட கம்பெனியில் பங்குதாரர் தம் பங்குத் தொகைக்கு மேல் பொறுப்பல்லர். ஏட்டளவில் டெபாசிட் போட்டவருக்கு முன்னதே பாதுகாப்பு. நடப்பில் பங்காளியின் சொத்தும் கம்பெனியோடு சேர்ந்து மூழ்கியிருந்ததால் அந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போயிற்று. கணக்கு வெளியே தெரிவது, யாருடைய வீட்டையும் விடப் பெரிய ஜாமீன் என்ற எண்ணம் அப்போதுதான் இங்கே வேரூன்றத் தொடங்கியது. அது மட்டும் போதாது என்பதும் பிறகு தெரிந்தது: 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தபோது, அது முறையாகப் பதிவான கம்பெனிதான்.

பின்னர்

அர்பத்நாட் வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே திவால் சட்டமும் மாறியது. மாகாண ஊர்களுக்கு 1907-லும், மூன்று தலைநகரங்களுக்கு 1909-லும் புதிய சட்டங்கள் வந்து, 1848-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. அதே 1909-ல் கிருஷ்ணசுவாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911-ல் ஆளுநரின் நிர்வாக சபைக்கு அழைக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று, 48 வயதில் காலமானார். சேப்பாக்கம் செனட் இல்லத்தின் முன் அவர் சிலை நிற்கிறது.

வங்கி வீழ்ந்தாலும் சிறு சேமிப்பாளருக்கு உறுதியாக ஒரு தொகை கிடைக்கும் என்ற ஏற்பாடு வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகே அதற்குச் சட்டம் வந்தது. 1962-ல் தொடங்கிய டெபாசிட் காப்பீடு முதலில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை ஈடு செய்தது. 2020 முதல் அந்த வரம்பு 5 லட்சம் ரூபாய்.