ஒருசொல் ஒருபொருள்: வான்வழி உரையாடல் வளர்ந்த வரலாறு

ஒருபொருள் குறித்த பலசொல், பலபொருள் குறித்த ஒருசொல் என்னும் இருவகையையும் திரிசொல் என வகுத்துச் செய்யுளுக்குரிய செல்வமாகப் போற்றுவது நம் இலக்கண மரபு. ஒரு தொடரில் இரு பொருளை அமைத்துக் கேட்போரை வியக்கச் செய்த காளமேகப் புலவரை இன்றும் கொண்டாடுகிறோம். நம் வட்டம் கூடிய பத்தாண்டுகளில் எத்தனையோ மாலைப் பொழுதுகள், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் கொள்ளலாம் என்னும் இனிய வழக்கிலேயே கழிந்திருக்கின்றன.

அவ்விருவகைச் சொற்களையும் விலக்கிவைக்க முயலும் ஒரு மொழியும் இவ்வுலகில் உண்டு. விமானியும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரும் வானொலி வழியே பேசிக்கொள்ளும் மொழி அது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே என்பது அதன் குறிக்கோள். ஆயினும் அம்மொழி ஒரே நாளில் வகுக்கப்பட்டதன்று. அதன் விதிகள் பலவற்றின் பின்னே மாண்டவர்களின் எண்ணிக்கை நிற்கிறது. சொல்லை ஆள்வோராகிய நாம் அவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் தகும்.

உதவிக் குரல்

1920களில் லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்துக்கும் பாரிசின் லெ பூர்ஜே நிலையத்துக்கும் இடையே விமானப் போக்குவரத்து மிகுந்திருந்தது. ஆபத்தில் சிக்கிய விமானி ஆங்கிலேயராயினும் பிரெஞ்சுக்காரராயினும், இருகரையிலும் உள்ளோர்க்கு உடனே விளங்கும் சொல் ஒன்று வேண்டியிருந்தது. தந்தியில் வழங்கிய ‘எஸ்.ஓ.எஸ்.’ பேச்சுக்கு ஏற்றதாக இல்லை. ‘எஸ்’ என்னும் எழுத்தொலி அக்கால வானொலியில் தெளிவுறக் கேட்கவில்லை. குரோய்டனில் மூத்த வானொலி அலுவலராக இருந்த பிரெடரிக் மாக்ஃபோர்டு என்பார் 1923இல் ‘மேடே’ என்னும் சொல்லை முன்மொழிந்தார். ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை ஆங்கில நாவுக்கு இசைய அமைத்த சொல் இது. 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு இதனை ஏற்றுக்கொண்டது. வேறெச் சொல்லோடும் மயங்காதிருக்க, இதனை மும்முறை கூறுவது மரபு.

எழுத்துகளுக்கும் இத்தகைய காப்பு தேவைப்பட்டது. ஆங்கிலத்தின் ‘பி’, ‘டி’ போன்ற எழுத்துப் பெயர்கள் இரைச்சலில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச்சொல்லைப் பெயராக இடும் முயற்சியில், மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான் பால் வினே ஈடுபட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் நாவிலும் செவியிலும் சொற்கள் சோதிக்கப்பட்டன. 1951இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் ஐந்து சொற்கள் பின்னர் மாற்றப்பட்டன. ‘நெக்டர்’ நீங்கி ‘நவம்பர்’ வந்தது. ‘மெட்ரோ’ நீங்கி ‘மைக்’ வந்தது. 1956 மார்ச் 1 முதல் ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ எனத் தொடங்கும் இன்றைய வரிசை நிலைபெற்றது. பொருளழகு கருதாது, பழுதின்றிச் செவியை அடையும் ஒலியொன்றையே கருதித் தெரிந்தெடுத்த சொற்கள் இவை.

மூடுபனியில் ஒரு சொல்

எழுத்துக்கும் எண்ணுக்கும் காப்புத் தேடியவர்கள் தொடரமைப்புக்கும் அது தேவை என்பதை முழுதாக உணர்ந்தது 1977 மார்ச் 27க்குப் பின்னரே. அன்று ஸ்பெயினுக்குரிய கானரித் தீவுகளில், கிரான் கானரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கு இறங்கவேண்டிய விமானங்கள் அண்டைத் தீவாகிய தெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் கே.எல்.எம்., பான் அமெரிக்கன் ஆகிய நிறுவனங்களின் போயிங் 747 விமானங்கள் இரண்டும் இருந்தன. மாலையில் மூடுபனி இறங்கியது. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் புறப்பட ஆயத்தமாக நின்றது. அதே பாதையில் எதிரே பான் அமெரிக்கன் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று காண இயலவில்லை. கோபுரத்தில் இருந்தவர்க்கோ இரண்டும் புலப்படவில்லை. கண் பயனற்றுப்போன அந்நேரத்தில் சொல் ஒன்றே துணை.

பறந்தபின் செல்லவேண்டிய வழியைக் கோபுரம் கே.எல்.எம்.முக்கு அறிவித்தது. புறப்படும் அனுமதி அதில் இல்லை. ஆயினும் ‘டேக் ஆஃப்’ என்னும் சொல் செய்தியின் நடுவே வந்தது. துணை விமானி அச்செய்தியைத் திருப்பிக் கூறி, இறுதியில் ‘வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்’ என்று சேர்த்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். டச்சு மொழியில் நிகழ்வினையை உணர்த்தும் அமைப்பே ஆங்கிலச் சொற்களில் புகுந்து அவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என மொழியறிஞர் விளக்குவர். கட்டுப்பாட்டாளர் முதற்பொருளைக் கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. ‘ஓ.கே.’ என்ற அவர், சற்று இடைவெளி விட்டு, காத்திருக்குமாறும் தாம் அழைப்பதாகவும் கூறினார். அக்கணமே பான் அமெரிக்கன் விமானி, தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதை அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இருகுரலும் மோதிக் கீச்சொலியாயின. கே.எல்.எம். விமானியர் அறையில் தடையின்றிக் கேட்டது ‘ஓ.கே.’ மட்டுமே. எதிர் விமானம் விலகவில்லையோ என விமானப் பொறியாளர் ஐயுற்று வினவியும், விலகிவிட்டது என உறுதிபடக் கூறிய தலைமை விமானி நிறுத்தவில்லை.

கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரும், பான் அமெரிக்கனில் இருந்த 396 பேரில் 335 பேரும் ஆக, 583 பேர் மாண்டனர். பனியும் காலதாமதமும் தலைவர் சொல்லை மறுக்கத் தயங்கும் இயல்பும் இதில் பங்குகொண்டன. பழியனைத்தையும் சொல்மேல் சுமத்துதல் முறையன்று. எனினும் இதன்பின் சொல் திருத்தப்பட்டது. ‘டேக் ஆஃப்’ என்பதை, புறப்படும் அனுமதியை வழங்கும்போதோ அதனை நீக்கும்போதோ அன்றிப் பயன்படுத்தலாகாது. ஏனைய இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூறவேண்டும் என விதி எழுந்தது. ‘ஓ.கே.’ போன்ற வழக்குச் சொற்கள் அனுமதிக்கு மறுமொழியாகா என்பதும் வலியுறுத்தப்பட்டது.

எண்ணும் மயங்கும்

எண்ணாவது மயங்காது என்று கருதியிருப்போம். 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் நோக்கி வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்குமாறு எண்களைத் தனித்தனியே ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ எனக் கூறினர். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், நம் நான்காம் வேற்றுமை உருபுக்கு நிகரான சிறுசொல்லும் ஒலியால் ஒன்றே. 400 அடிக்கு இறங்கப் பணித்ததாக விமானி கொண்டார். அவ்வாறே திருப்பியும் கூறினார். அப்பிழை கோபுரத்தில் கண்டுகொள்ளப்படவில்லை. விமானம் குன்றில் மோத, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். புலவர் கையில் அரங்கத்தின் கைதட்டலைப் பெறும் ஒலியொப்புமை, அங்கே நான்கு உயிர்களைக் கொண்டது.

மறு ஆண்டு, 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52ஆம் விமானம் நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காக்கவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்றும் துணை விமானி கேட்டார். ‘எமர்ஜென்சி’ என்னும் சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அவர் கருதிய அவசரத்தைக் கட்டுப்பாட்டாளர்கள் அச்சொற்களில் உணரவில்லை. எரிபொருள் அற்று விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். பணிவான வேண்டுகோளாகச் சொன்னது ஆபத்துக் குரலாகக் கேட்கப்படவில்லை. எரிபொருள் குறைவைக் கூறுவதற்கெனத் தனித் தொடர்கள் பன்னாட்டு விதிகளில் 2012இல்தான் இடம்பெற்றன.

நம் நாட்டின் துயரமும் இவ்வரிசையில் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று தில்லியை அடுத்த சர்க்கி தாத்ரி வானில் சவுதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியில் நிற்கவேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை கண்டது. அதன் விமானியரின் ஆங்கிலப் பயிற்சிக் குறையும் சுட்டப்பட்டது. பன்னாட்டுப் பறப்புக்கு மொழித்திறன் தேர்வு வேண்டும் என்ற முடிவுக்கு இந்நிகழ்ச்சியும் தூண்டுகோலாயிற்று. 2003இல் வகுத்த அவ்விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. வகுத்த தொடர்களைக் கற்றால் மட்டும் போதாது, எதிர்பாராதது நேரும்போது எளிய மொழியில் பேசவும் வேண்டும் என்பது அதன் கருத்து.

கேட்டவர் திருப்பிச் சொல்லுதல்

இவ்விதிகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பது ஒரு பழக்கம். பெற்ற அனுமதியை விமானி தம் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் அதனைச் செவிமடுத்துப் பிழையிருப்பின் திருத்தவேண்டும். அதுவரை சொல்லியது சொல்லியதாகாது. சுபாங் நோக்கி இறங்கிய அச்சரக்கு விமானத்தின் விமானி திருப்பிச் சொன்னார். கேட்கவேண்டிய செவிதான் தவறியது.

நம் கவியரங்குகளில் கவிஞர் ஓர் அடியை இருமுறை கூறுவார். அவை அதன் பொருளை அவரவர் நெஞ்சுக்கேற்பக் கொள்ளும். அவ்வுரிமையைக் கவிதை என்றும் இழக்கவேண்டியதில்லை. ஆயினும் மருந்தின் அளவையும் வழியின் திசையையும் நாள்தோறும் நாம் பிறர்க்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே இரண்டாம் முறை கூறவேண்டியவர் சொன்னவர் அல்லர், கேட்டவர். அதைப் பொறுமையுடன் கேட்டுச் சரிபார்ப்பது சொன்னவர் கடமை. வானில் பேசுவோர் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். விலையின்றி நாம் கற்றுக்கொள்ளலாம்.