சேரி: ஒரு சொல்லும் அதன் நிலமும்

வேளச்சேரி, புதுச்சேரி என்றால் ஊர். முன்னொட்டை எடுத்துவிட்டுச் 'சேரி' என்று மட்டும் சொன்னால் தலித் குடியிருப்பு; சண்டையில் வாய்க்கு வந்தால் வசவு. ஒரே சொல் எப்படி இரண்டாகப் பிளந்தது?

சேர்ந்து வாழும் இடம் என்பதே இதன் பழைய பொருள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். குடவோலைக்காக நம் பாடநூல்கள் கொண்டாடும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அந்தச் சதுர்வேதிமங்கலத்தின் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் சொல்கின்றன. ஆக, அங்கே வேதம் ஓதியவரும் சேரிக்காரர்தான். நூறாண்டுக்குள், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி இவற்றோடு 'தீண்டாச்சேரி'யும் வந்துவிடுகிறது. பிறகு நிலம் வைத்திருந்தவன் 'ஊர்' ஆனான். அதில் உழைத்தவனிடம் 'சேரி' தங்கிவிட்டது.

கேரளத்தில் இச்சொல் கௌரவமான குடும்பப் பெயராகவே நிற்கிறது: கவிஞர் புதுச்சேரி ராமச்சந்திரன், திரைப்பட இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. நம்மிடம் ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகப் போட்டாலும் விடமாட்டார்கள். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

எனவே இதை வெறும் சொல்லாராய்ச்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை பறையர்களின் நிலமின்மையைத்தான் பேசியது. 1892 அரசாணை வழியே பஞ்சமி நிலங்கள் வந்தன. பிறர் கைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. போயின. நூறாண்டு கழித்து, மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்துச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள்.

'சேரி' வேண்டாமென்று 'காலனி' என்றோம். கொஞ்ச காலத்தில் அதுவும் வசவாயிற்று. 2025 ஏப்ரலில் 'காலனி'யை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன், இழிவு ஆவணத்தில் இருக்கக்கூடாது. ஆனால் சொல்லில் இழிவு தானாக ஊறவில்லை. யாரிடம் நிலம், யாரிடம் உழைப்பு மட்டும் என்ற பிரிவினைதான் அதை ஊற்றுகிறது. அது அப்படியே இருந்தால் அடுத்து வரும் பெயரும் கறைபடும். பெயர்ப்பலகையை மாற்றுகிற கையோடு பட்டாவையும் பிரித்துப் பார்க்கச் சொல்வோம்.