இறால் கொம்பும் முப்பது டிகிரியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். கடலிலோ ஏரியிலோ இறங்குகிறவர்கள், நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு டீயோட வந்து உட்காருங்க.

பழவேற்காட்டில் பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல், நடுவில் மணல் திட்டு. அங்கிருந்து ஒரு மீனவர் என்னிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றித்தான் எழுதுறேன்.

வலது கை நடுவிரலில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி. அங்கிருந்து முழங்கை வரைக்கும், நூலில் கோத்த மணி மாதிரி வரிசையாக நாலு சின்னக் கட்டிகள். "இறால் கொம்பு குத்துச்சு சார். அது அப்பவே ஆறிப்போச்சு. ஒரு மாசம் கழிச்சு இது வந்துச்சு. வலியும் இல்ல, போவவும் மாட்டேங்குது."

ஐந்து மாதம் ஓடிவிட்டது. மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். ஒரு இடத்தில் கீறிப் பார்த்தார்கள். இன்னொரு இடத்தில் சதையைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பாகக் குச்சிக் கிருமிகள் தெரிந்தன. "தொழுநோயா இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை விழுந்தது.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் ஒதுக்கலை. "நானே பிரிச்சு வச்சுக்கினேன் சார். புள்ளைங்க இருக்குதுங்க."

கண்ணை மூடச் சொல்லி, கட்டிகள் மேல் பஞ்சைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தொடுதலையும் சரியாகச் சொன்னார். தொழுநோயில் தோலில் உணர்ச்சி குறையும், நரம்பு தடிக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. அப்போ அந்தச் சிவப்புக் குச்சிகள் என்ன?

இதற்குப் பதில் சொல்ல ஒரு இன்குபேட்டரின் கதையிலிருந்து ஆரம்பிக்கணும்.

1882இல் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதை வளர்த்தது மனித உடம்பின் சூட்டில், அதாவது சுமார் 37 டிகிரியில். நியாயம்தான், நம் உடம்பில் நோய் செய்கிற கிருமிக்கு நம் உடம்பின் சூடுதானே பிடிக்கும்? அந்த 37 அப்படியே உலகத்து லேப்களின் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான இன்குபேட்டர்களின் முகப்பில் அந்த எண்தான் எரிகிறது.

ஆனா மீனுக்கு 37 கிடையாது. தண்ணீரின் சூடுதான் மீனின் சூடு. 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் கடல் மீன்கள் செத்தன. ஜோசப் ஆரன்சன் என்பவர் அவற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே காசநோய் மாதிரியே சின்னச் சின்னக் கட்டிகள், அவற்றில் காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன் மாதிரி ஒரு கிருமி. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று பெயர் வைத்தார். 'கடலுக்குரியது' என்று அர்த்தம். மீன் நோய்தானே என்று மனித டாக்டர்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கால் நூற்றாண்டு கழித்துக் கதை ஸ்வீடனுக்குப் போகிறது. ஓரெப்ரோ என்ற ஊரில் ஒரே நீச்சல் குளத்தில் நீந்தியவர்களுக்கு ஆறாத தோல் கட்டிகள். ஏறத்தாழ 80 பேர். குளத்தின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறும்போது உரசுகிற முழங்கை மாதிரியான இடங்கள்தான் இந்தக் கிருமிக்கு வாசல். நோர்டென், லினெல் என்ற இருவர் அந்தக் கட்டிகளிலிருந்தும் குளத்திலிருந்தும் ஒரே கிருமியை எடுத்தார்கள். 37இல் ஒழுங்காக வளராத அது, 30 டிகிரி பக்கம் வைத்ததும் செழிப்பாக வளர்ந்தது. 1951இல் அறிவித்து, குளியலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'பால்னியை' என்று பெயர் வைத்தார்கள். புதுக் கிருமி என்றே நினைத்தார்கள். ஆரன்சனின் மீன் கிருமியும் இதுவும் ஒன்றே என்று பிறகுதான் தெரிந்தது. பழைய பெயரே நிலைத்தது.

அடுத்து அமெரிக்காவின் கொலராடோவில் க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ், வெந்நீர் ஊற்றில் நீந்துகிற பிரபலமான இடம். அங்கே நீந்தியவர்களில் 290 பேரின் கட்டிகளைப் பற்றி 1963இல் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு முந்தின வருஷம் வீட்டு மீன் தொட்டியில் கை கீறியவர்களுக்கும் இதே நோய் வந்ததை எழுதினார்கள். ஒழுங்காகக் குளோரின் போடும் குளங்களில் இது இப்போது அபூர்வம். அதனால் 'நீச்சல் குளக் கட்டி' என்ற பெயர் போய், 'மீன் தொட்டிக் கட்டி' என்ற பெயர் வந்தது.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மீன் காட்சியகம், நீச்சல் குளம், கண்ணாடித் தொட்டி, இவற்றின் பெயரெல்லாம் இந்த நோய்க்கு வந்தது. வலை இழுக்கிறவர், நண்டு பிரிக்கிறவர், சந்தையில் மீன் வெட்டுகிற அம்மா, இவர்கள் கையில் இது அதற்கு முன்பே வந்திருக்காதா? வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீந்தப் போனவருக்குக் கட்டி வந்தால் அது வித்தியாசமான செய்தி, டாக்டர் அதை லேபுக்கு அனுப்புவார். மீனவர் கையில் புண் என்றால், தொழிலில் அதெல்லாம் சகஜம் என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

இந்தக் கிருமி தோலோடு நிற்பதற்கும் அந்த 30 டிகிரிதான் முக்கியக் காரணம். விரல், முழங்கை, முழங்கால் எல்லாம் உடம்பின் உள்பகுதியை விடக் குளிர்ச்சியானவை. இதே குளிர்ச்சிப் பிரியம் உள்ள இன்னொரு கிருமி எது தெரியுமா? தொழுநோய்க் கிருமி. காது மடல், மூக்கு, விரல் என்று அது தேடிப் போவதும் குளிர்ந்த இடங்களைத்தான்.

நான் ரொம்ப ரசிக்கிற பகுதி இனிமேல்தான். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873இலேயே பார்த்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு 80 வருஷத்துக்கு மேல் அதை யாராலும் லேபில் பெருக்க முடியவில்லை. பெருக்க முடியாவிட்டால் மருந்தைச் சோதிப்பது எப்படி? 1956இல் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் ஃபென்னர், ஸ்வீடன் நீச்சல் குளக் கிருமியை எலியின் உள்ளங்காலில் செலுத்தினால் பெருகுகிறது என்று காட்டினார். எலியின் பாதம் குளிர்ந்த இடம். (பின்னாளில் பெரியம்மை ஒழிந்தது என்று சான்றளித்த உலகக் குழுவுக்குத் தலைவராக இருந்த அதே ஃபென்னர்தான்.) அந்த வழியைப் பிடித்து 1960இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்ட் தொழுநோய்க் கிருமியை எலிப் பாதத்தில் பெருக்கிக் காட்டினார். மருந்துகளைச் சோதிக்க முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது. டாப்சோன் மாத்திரைக்குக் கிருமி மசியாமல் போவதையும், ரிஃபாம்பிசின் அதை வேகமாகக் கொல்வதையும் எலிப் பாதம்தான் காட்டிக்கொடுத்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு அந்த முடிவுகளும் அடிப்படை. தொழுநோயோடு நீண்ட காலம் மல்லுக்கட்டிய நம் தமிழ்நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

காசநோய் ஆராய்ச்சிக்கும் இது உதவுகிறது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், பரோடாவில் மருத்துவம் படித்தவர். வரிக்குதிரை மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். அதற்குள் மரைனத்தைச் செலுத்தி, காசநோய்க் கட்டி எப்படி உருவாகிறது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். சதைத் துண்டை அனுப்பும்போது லேபுக்கு போன் போட்டு, "ஒரு பகுதியை 30 டிகிரியில் வைங்க, சீக்கிரம் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். 37இல் வைத்ததில் ஒன்றுமில்லை. 30இல் வைத்ததில் வெளிறிய கிருமிக் கூட்டம் வந்தது. வெளிச்சத்தில் வைத்ததும் மஞ்சளாக மாறியது. மரைனத்தின் அடையாளமே அதுதான். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர் கையிலிருந்து வந்த கிருமிக்கு வெளிச்சம் பட்டால்தான் நிறம் வருகிறது என்று லேபில் சிரித்தோம்.

இரண்டு மருந்து, நாலு மாதத்துக்கும் மேல். இதைப் படித்துவிட்டு நீங்களே கடையில் மாத்திரை வாங்காதீங்க. ஒரு மருந்துக்குக் கண்ணில் நிறப் பார்வையைச் சோதித்துக்கொண்டே இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம், கிருமிக்குக் கொண்டாட்டம்.

கோவளத்தில் சர்ஃபிங் போய்ப் பாறையில் உரசினாலும், முகத்துவாரத்தில் குதித்து விளையாடிக் கால் கிழிந்தாலும், கெளுத்தி முள் குத்தினாலும், நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உடனே கழுவுங்க. டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்க. சில வாரம் கழித்து அதே இடத்தில் ஆறாத கட்டி வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க: "நான் தண்ணியில இறங்கினேன், மீன் தொட்டேன்." அந்த ஒரு வரி இல்லாமல் லேபில் யாரும் 30இல் வைக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கிருமி ஆமை. உப்புத் தண்ணீரில் முயலும் உண்டு, விப்ரியோ வல்னிஃபிகஸ். கடல் தண்ணீர் பட்ட காயம் சில மணி நேரத்திலேயே வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, கருநீலக் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் காலைவரைக்கும் காத்திருக்காதீங்க. கல்லீரல் நோய், சர்க்கரை நோய் இருப்பவர்கள் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்க.

மரைனம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. ரிசல்ட் வந்த அன்று அவரிடம் முதலில் சொன்னது இதைத்தான். மருந்துப் பெயர், எத்தனை மாதம், எதையும் கேட்கவில்லை. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "அந்தத் தட்ட எடுத்து உள்ள வச்சுடு."