பந்தயக் காருக்கு முன்னால் ஓடும் வண்டி

1949 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரின் மண் ஓடுதளத்தில், நாஸ்கார் அமைப்பு தன் முதல் ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தை நடத்தியது. கடையில் விற்கிற கார் எப்படி இருக்கிறதோ அப்படியே ஓட வேண்டும் என்பது விதி. கான்சாஸிலிருந்து ஜிம் ரோப்பர் ஆயிரம் மைலுக்கு மேல் லிங்கன் காரை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டில் பின் ஸ்பிரிங்குகளில் கைவைத்திருந்தது சோதனையில் தெரிந்து அவர் நீக்கப்பட, ரோப்பரே வெற்றியாளர் ஆனார். லீ பெட்டி இரவல் வாங்கிய ப்யூக் காரில் குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தயத்தின் நடுவே அது உருண்டு நொறுங்கியது. வீடு திரும்ப அந்தக் குடும்பத்துக்கு வண்டி இல்லை. யாரிடமாவது இடம் கேட்டுத்தான் ஊர் போய்ச் சேர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பொழுதுபோக்குக் கார் பந்தயம் பிறந்த விதத்தை இந்த இரண்டு பேரின் கதையும் சேர்ந்து சொல்கின்றன. வீட்டிலிருந்து கொண்டுவரும் கார்தான் பந்தயத்தில் ஓடியது. அதுவே வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிறகு ஒருநாள் இந்த இரண்டு வேலைகளும் பிரிந்தன. பந்தயக் காரை இழுத்துச் செல்ல இன்னொரு வண்டி தேவைப்பட்டது. பந்தய வரலாற்றை எழுதுபவர்கள் எஞ்சினையும் ஓட்டுநரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் சாதாரண வருமானக்காரர் இந்த விளையாட்டுக்குள் வர முடியுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது அந்த இழுவை வண்டிதான். அதன் விலையையோ, பந்தயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் தீர்மானித்தார்கள்.

போருக்குப் பிந்தைய ஸ்போர்ட்ஸ் கார் பந்தயமும் இப்படித்தான் தொடங்கியது. 1944இல் பாஸ்டனில் உருவான எஸ்சிசிஏ எனும் ஸ்போர்ட்ஸ் கார் சங்கம், 1948 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் ஒரு பந்தயத்தை நடத்தியது. கேமரன் ஆர்ஜெட்சிங்கர் என்ற சட்ட மாணவரின் யோசனை அது. ஊர்த் தெருக்களையும் சுற்றுப்புறச் சாலைகளையும் சேர்த்த 6.6 மைல் சுற்றுதான் களம். அந்தக் காலத்தில் புதிதாக வருபவர்களில் பலருக்கு வாய்த்தது பிரிட்டனிலிருந்து இறக்குமதியான எம்ஜி டிசி. வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் அதே காரின் முன் கண்ணாடியைச் சனிக்கிழமை காலையில் மடக்கி, விளக்குகளுக்கு மேல் டேப் ஒட்டி, கதவில் எண்ணை எழுதினால் பந்தயக் கார் தயார். காசில்லாதவர்களின் வழி என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. 1951இல் ஜாகுவார் நிறுவனமே தன் சி-டைப் கார்களை இங்கிலாந்திலிருந்து லெ மான் வரை சாலையிலேயே ஓட்டிச் சென்று, பந்தயத்தையும் வென்றது. சாலையில் ஓடும் காரும் களத்தில் ஓடும் காரும் ஒன்றாக இருந்தவரை, கார் வாங்க முடிந்தவருக்குப் பந்தயத்துக்கும் அனுமதி இருந்தது. இரண்டாவது வண்டி என்ற கேள்வியே எழவில்லை.

அந்த ஒற்றுமையை உடைத்தது பாதுகாப்பு. 1952இல் வாட்கின்ஸ் கிளென் தெருவோரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் கார் மோதி இறந்தான். தெருப் பந்தயத்தின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. பந்தயங்கள் விமான ஓடுதளங்களுக்கு நகர்ந்தன. அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே தன் கட்டுப்பாட்டிலிருந்த தளங்களைச் சில ஆண்டுகள் திறந்துவிட்டார். சென்னையை அடுத்த சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளமே பந்தயக் களமானது என்பதால், இந்த மாற்றம் நமக்கும் தெரிந்த ஒன்றுதான். பிறகு ரோட் அமெரிக்கா, லைம் ராக் போன்ற தனிக் களங்கள் எழுந்தன. 1956இல் பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநர் பந்தயத்தில் இறந்தபோது அவருடைய ஹெல்மெட் அவரைக் காக்கவில்லை. மறு ஆண்டே ஹெல்மெட்டுகளைச் சோதிக்க அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளையமும், பின்னாளில் முழு ரோல் கேஜும் கட்டாயமாயின. ஹெல்மெட் போட்டவரைக் காக்கும் அந்தக் குழாய், ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுபவருக்கு ஆபத்து. பின்னாலிருந்து யாராவது லேசாக இடித்தால்கூடத் தலை நேராக இரும்பில் போய் மோதும். 1963இல் எஸ்சிசிஏ ஏற்றுக்கொண்ட ஃபார்முலா வீ வகை, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு மலிவாகக் கட்டப்பட்டது. ஏழைக்கான பந்தயக் கார் என்று பெயரெடுத்தாலும், அதற்கு விளக்கும் கிடையாது, மட்கார்டும் கிடையாது. சாலையில் ஓட்டவே முடியாது. மலிவான கார் வந்த அன்றே அதை இழுத்துச் செல்லும் செலவும் கூடவே வந்துவிட்டது.

முதலில் கிடைத்த எளிய வழி டோ பார். பந்தயக் காரின் முன்பக்கத்தில் ஒரு முக்கோணக் கம்பியை மாட்டி, நான்கு சக்கரங்களும் தரையில் உருள, முன்னால் போகும் வண்டியோடு கோத்து இழுப்பார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் இழுபடும் காரின் டயர் வழியெல்லாம் தேயும். ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. எடுத்தால் பின்னாலிருக்கும் கார் தன் போக்கில் திரும்பி மடங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தயத்தில் முன்சக்கரம் வளைந்துவிட்டால் இழுத்துவரவும் வழியில்லை. லீ பெட்டி குடும்பத்தின் சிக்கலை டோ பார் பாதிதான் தீர்த்தது. முழுதாகத் தீர்த்தது டிரெய்லர். நொறுங்கிய காரையும் வின்ச் போட்டு ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் பட்டை கட்டிக் கொண்டுவந்துவிடலாம். இதிலும் கைப்பழக்கம் வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் இறங்க வேண்டும். அது குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்புறம் அடக்குவது கடினம். காரை ஒரு சாண் முன்னே தள்ளி நிறுத்துவதா, பின்னே நிறுத்துவதா என்பதில் உயிரே இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. 1955இல் மெர்சிடிஸ் ஒரே ஒரு பந்தயக் காரைச் சுமப்பதற்காக, 300 எஸ்எல் எஞ்சினோடு, மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் ஓடும் தனி லாரியையே கட்டிக்கொண்டது. வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு வேண்டியிருந்தது, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் ஒரு வண்டி.

அந்த வண்டி அமெரிக்க வீடுகளில் நின்றது. அதுதான் ஸ்டேஷன் வேகன். தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய உடல், பெரிய வி8 எஞ்சின், பிள்ளைகளுக்கும் சாமான்களுக்கும் இடம். பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் போய்வரும் அதே வண்டி, வெள்ளி மாலை டிரெய்லரை மாட்டிக்கொண்டு பந்தயக் களத்துக்குப் போகும். டிரெய்லர் இல்லாதவர்களுக்கு வாடகை இருந்தது. 1945இல் லெனர்ட் ஷோனும் அவர் மனைவி அன்னா மேரியும் தொடங்கிய யு-ஹால், ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடும் டிரெய்லர் வாடகையை நாடெங்கும் பரப்பியது. வீடு மாறுகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. பந்தயக்காரர்கள் அதில் தொற்றிக்கொண்டார்கள். இழுவை வண்டிக்கென்று தனிச் செலவே இல்லாத காலம் அது. குடும்பத்துக்காக எப்படியும் வாங்கியிருக்கும் காரே அந்தச் செலவை ஏற்றது. 1960களும் 70களும் அமெரிக்கப் பொழுதுபோக்குப் பந்தயத்தின் வளமான ஆண்டுகளாக அமைந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு சட்டம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் வந்த எரிபொருள் சட்டம், கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் காலனுக்கு 27.5 மைல் ஆக வேண்டும் என்றது. இலகு டிரக்குகளுக்குத் தனியாக, மிகவும் தளர்ந்த அளவு. 1990களின் பிற்பகுதியில்கூட அது 20.7 மைல்தான். கனமான ஸ்டேஷன் வேகன் கார்க் கணக்கில் வந்தது, பிக்கப் டிரக் வரவில்லை. 1964 முதல் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி இருந்ததால், வெளியிலிருந்து மலிவான பிக்கப் வந்து போட்டியிடுவதும் கடினமாக இருந்தது. நிறுவனங்கள் கணக்குப் பார்த்து டிரக் பக்கம் சாய்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1996 இறுதியில் கடைசிப் பெரிய ஸ்டேஷன் வேகனை நிறுத்தி, டெக்சஸின் ஆர்லிங்டன் ஆலையை டிரக் தயாரிப்புக்கு மாற்றியது. பந்தயம் எரிபொருள் சட்டம் எழுதியவர்களின் நினைவிலேயே இருந்திருக்காது. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டே காட்டலாம். இழுவைக் கருவிகள் பொருத்திய செவ்ரோலே கப்ரிஸ் வேகன் 5,000 பவுண்டு இழுக்கும். யு-ஹாலின் கார் ஏற்றும் டிரெய்லர் 2,210 பவுண்டு. ரோல் கேஜ் பொருத்திய முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா சுமார் 2,300. மொத்தம் ஏறக்குறைய 4,500. வீட்டு வேகனும் வாடகை டிரெய்லரும் போதும். 2021இல் 20,000 டாலருக்குள் ஆரம்ப விலையோடு அறிமுகமான ஃபோர்டு மாவெரிக் பிக்கப், கூடுதல் இழுவைத் தொகுப்போடு வாங்கினாலும் 4,000 பவுண்டுதான் இழுக்கும். அதே மியாட்டாவை அதே வாடகை டிரெய்லரில் அதனால் கொண்டுபோக முடியாது. விலை கூடிய இலேசான அலுமினிய டிரெய்லரைச் சொந்தமாக வாங்கினால் மட்டுமே ஈடுகொடுக்கும்.

இன்றைய பிக்கப்கள் முன்னைவிட எவ்வளவோ மேலானவை, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். மேலானவை என்பதில் ஐயமில்லை. பிரேக்கும் குளிரூட்டலும் உறுதியும் வளர்ந்திருக்கின்றன. இழுவைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அறிவித்துக்கொண்டிருந்த நிலையும் மாறியது. அரிசோனாவின் டேவிஸ் டேம் மலையேற்றத்தை ஏசி போட்டபடி குறித்த வேகத்தில் ஏறிக்காட்ட வேண்டும் என்கிற ஜே2807 தரத்தை, 2011 மாடல்கள் முதல் டொயோட்டா ஏற்றது. அதில் அதன் டன்ட்ரா டிரக்கின் மதிப்பீடே குறைந்தது. பிற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அந்த நேர்மையால் பல விபத்துகள் தவிர்ந்திருக்கும். ஆனால் திறன் கூடுவதும் எட்டும் விலையில் இருப்பதும் ஒன்றல்ல. பெரிய பிக்கப் பலருக்கும் அன்றாடத் தேவைக்கு மிஞ்சிய வண்டி. பந்தயத்துக்காகவே அதை வாங்குகிறவர் இரண்டாவது காருக்கு விலையும் காப்பீடும் நிறுத்துமிடமும் தேட வேண்டும். பல குடியிருப்புச் சங்கங்கள் வாசலில் டிரெய்லர் நிறுத்தவே விடுவதில்லை. பழைய டிரக் வாங்கலாமே என்றால், நன்றாக இழுக்கும் என்று பெயரெடுத்த பழைய டீசல் டிரக்குகளின் விலை எளிதில் இறங்குவதில்லை. அவற்றைத் தேடுவோர் எல்லாரும் இழுப்பதற்காகவே தேடுகிறார்கள்.

ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பக் கார்களே பந்தயக் காரை இழுக்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். ஆனால் அங்கே டிரெய்லரோடு போகும் வண்டிக்கு வேக வரம்பு குறைவு. பிரிட்டனின் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், ஜெர்மனியில் பொதுவாக 80 கி.மீ., தகுதி பெற்ற வண்டிகளுக்கு 100. மெதுவாகப் போவதால் கொக்கிமேல் இறங்கும் எடையையும் குறைத்து வைக்க முடிகிறது. அதைச் சிறிய கார் தாங்குகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் டிரெய்லருக்கெனத் தனி வேக வரம்பு கிடையாது, தூரமும் அதிகம். ஆக, சின்னக் கார் இழுப்பதும் இழுக்க முடியாததும் காரின் குணத்தைப் போலவே சட்டத்தின் குணமும்கூட. என் வாதத்துக்கு இது துணையாகவே நிற்கிறது.

பந்தயச் செலவில் டயரும் நுழைவுக் கட்டணமும்தானே பெரியவை, டிரக் ஒரு பொருட்டா என்பது மூன்றாவது எதிர்வாதம். பல ஆண்டுகள் ஓட்டுபவருக்கு அது சரியாக இருக்கலாம். முதன்முதலாக நுழைபவருக்குச் சரியில்லை. 2006இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் நீங்கலாகக் காரின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. அந்த 500 டாலர் காரைக் களத்துக்குக் கொண்டுவரும் டிரக்கும் டிரெய்லரும் அதைப் போலப் பல மடங்கு விலை. காரின் விலைக்கு உச்சவரம்பு போட முடிந்த அமைப்பாளர்களால், அதை இழுத்துவரும் வண்டியின் விலைக்கு எதுவும் செய்ய முடியவில்லை. கூட்டாளிகள் சேர்ந்து ஒரே டிரக்கைப் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கமானதும் அதனால்தான்.

பாதுகாப்பு விதிகளைத் தளர்த்துங்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. அவற்றின் பின்னே செத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியது வேறு. சாலையில் ஓட்டிவந்து, களத்தில் ஓட்டி, அதே காரில் வீடு திரும்பும் வகுப்புகளைச் சங்கங்கள் கைவிடாமல் காக்க வேண்டும். டிரெய்லர் தேவைப்படுபவர்களுக்கு, களத்திலேயே காரையும் டிரெய்லரையும் நிறுத்திவைக்கக் குறைந்த வாடகையில் இடம் தர வேண்டும். அப்போது ஒவ்வொரு முறையும் இழுக்கும் தேவையே குறையும். புதிதாக வருபவரும் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் காரைப் பிடித்துவிட்டுப் பிறகு அதை இழுக்க டிரக் தேடுவது விலை உயர்ந்த வழி. கையிலிருக்கும் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். அதிலிருந்து டிரெய்லரின் எடையையும் டயர், கருவிகளின் எடையையும் கழித்துவிடுங்கள். மிஞ்சும் எடைக்குள் அடங்குகிற காரை வாங்குங்கள்.