தாம்பூலத்திலிருந்து அட்வான்ஸ் வரை



தை பிறக்கப் போகிறது. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தவர்கள் நாலைந்து பேர் இந்த மாதம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "ஐயா, எந்த மண்டபம் பார்க்கலாம்? சமையலுக்கு யாரைச் சொல்லலாம்?" இதுதான் கேள்வி. வரலாற்று வாத்தியாரிடம் மண்டபம் கேட்டால் மண்டபத்தின் வரலாறுதான் வரும். நீளமான பதிவு, காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்தப் பெயரையே பாருங்கள். "கல்யாண மண்டபம்" என்பது நமக்காக வந்த பெயர் அல்ல, சாமிக்காக வந்தது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலில் விஜயநகரக் காலத்துக் கல்யாண மண்டபம் இருக்கிறது. காஞ்சி வரதராஜர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. நம் பள்ளிச் சுற்றுலாவில் தூண் தூணாகக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். இவையெல்லாம் சுவாமிக்கும் தாயாருக்கும் திருக்கல்யாணம் நடத்தக் கட்டியவை. மனிதர்களுக்குக் கல்யாணம் வீட்டில்தான் நடந்தது.

அது பழைய வழக்கம். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். வரிசையாகக் கால் நட்ட பந்தல், பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, உளுந்து சேர்த்த பொங்கல். குடம் சுமந்து வருபவர்கள் வயதான பெண்கள், மணப்பெண்ணை நீராட்டுபவர்கள் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள். கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவரும் அந்தப் பாட்டில் கண்ணில் படவில்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் புகாரின் பெருவணிகர் வீட்டுக் கல்யாணம்: நீலப்பட்டு விதானம், முத்துப் பந்தல், யானை மேல் பெண்களை ஏற்றி ஊருக்கு அழைப்பு. இத்தனையும் நாலு பேரை அமர்த்தாமல் நடந்திருக்காது. செல்வம் சேர்ந்த இடத்தில் ஏற்பாடும் பெருத்துவிடுகிறது, அன்றும் சரி இன்றும் சரி.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஆள் "தேடியதாக" நினைவில்லை. யார் வருவார்கள் என்பது பரம்பரையாக முடிவாகியிருந்தது. பந்தற்கால் செதுக்கத் தச்சர். பானைக்குக் குயவர். பந்தலுக்கு உள்ளே வெள்ளை கட்டச் சலவைத் தொழிலாளி. மேளத்துக்கு இன்ன குடும்பம், ஊர் ஊராகச் சேதி சொல்ல இன்ன ஆள். கொங்கு நாட்டில் மங்கல வாழ்த்துப் பாடுபவரே முடிதிருத்தும் தொழிலாளர்தான், அவர் வாயால் வாழ்த்து வராமல் அந்தக் கல்யாணம் நிறைவடையாது. வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டால் வந்துவிடுவார்கள். விலை பேசுவது கிடையாது.

இதைக் கேட்டதும் உறவினர்களில் சிலர் "ஆகா, அந்தக் காலம்!" என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. விலை பேசாததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல, அவர்கள் விலை கேட்க முடியாது என்பதும்தான். கூலி நெல்லாக, ஒரு வேட்டியாக, மீந்த சோறாக வந்தது. எவ்வளவு என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்தார். வர முடியாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. பந்தல் போட்டவர் அந்தப் பந்தலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

நாகஸ்வரக் கலைஞர்களின் கதை இதற்கு நல்ல சாட்சி. பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு இருக்கக்கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. சுயமரியாதை இயக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து வாசித்து வருகிறார். வியர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. அதை எடுக்கச் சொல்லிச் சிலர் அதட்டுகிறார்கள். கூட்டத்தில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி "எடுக்காதீர்கள், வாசியுங்கள்" என்று அவர் பக்கம் நின்றுவிட்டார். பெரியாரும் அவருக்கு ஆதரவு. துண்டு தோளிலேயே இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் கோட்டுமாக மேடையேறி, தன் தொகையைத் தானே சொல்லி வாங்கியதையும் இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். அதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு கலைஞன் தன் விலையைச் சொன்னால் அது திமிராகத் தெரிந்த காலம் அது.

என் மாணவர் ஒருவர் பந்தலும் மேடை அலங்காரமும் செய்கிறார். பெயர் சொல்ல வேண்டாம், படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவருடைய அப்பா எங்கள் தெருக் கல்யாணங்களில் வெள்ளை கட்டியவர். இவர் இன்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்புகிறார், பாதி அட்வான்ஸ் வந்தால்தான் லாரி கிளம்பும். ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "ஐயா, எங்க அப்பாகிட்ட யாரும் எவ்வளவுன்னு கேட்டதே இல்ல. என்கிட்ட பேரம் பேசுறாங்க, எனக்கு அது சந்தோஷமாத்தான் இருக்கு." பேரத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சரி, கல்யாணம் வீட்டை விட்டு மண்டபத்துக்கு எப்படிப் போனது? ஒரே நாளில் போகவில்லை. ஐந்து நாள் கல்யாணம் முதலில் சுருங்க வேண்டியிருந்தது. 1929இல் சாரதா சட்டம் வந்து 1930 ஏப்ரலில் நடைமுறையானது, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. பெண்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் தொடங்க, மணமக்களின் வயது மெல்ல ஏறியது. லீவு எடுத்து வரும் மாப்பிள்ளைக்கு ஐந்து நாள் ஏது? அடுத்து உலகப் போர், அரிசிப் பங்கீடு. ரேஷன் அரிசியில் ஐந்து நாள் பந்தி போட முடியுமா? 1952இல் ராஜாஜி முதலமைச்சராகி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசி திரும்பி வந்தது, ஐந்து நாள் திரும்பி வரவில்லை.

நாள் சுருங்கிய பிறகுதான் வாடகை இடம் என்பது கட்டுப்படியானது. முதலில் கைகொடுத்தவை சத்திரங்கள். தஞ்சை மராட்டியர் கட்டிய ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் போன்றவை ராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்க ஏற்பட்டவை. ரயில் வந்ததும் நடந்துபோகும் யாத்திரிகர் குறைந்தனர். பெரிய கூடம், கிணறு, கோட்டை அடுப்பு எல்லாம் தயாராக இருந்ததால் ஊர் ஊராகச் சத்திரங்களில் கல்யாணம் நடக்கலாயிற்று. இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மண்டபத்தைச் "சத்திரம்" என்றுதான் சொல்வார்கள். பட்டணத்தில் மவுண்ட் ரோட்டு அபட்ஸ்பரி மாதிரி பழைய பங்களாக்களும் கல்யாணத்துக்கு வந்தன. அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது.

செட்டிநாடு மட்டும் இதில் தனி. வளவும் பட்டாலையுமாக அவர்கள் கட்டிய வீடே ஒரு மண்டபம். பந்தி போட நீளக்கூடம், அண்டா அடுக்க அறை. மலேசியாவில், அமெரிக்காவில் இருப்பவர்களும் கல்யாணத்துக்கு அந்த வீட்டைத் திறக்க வருகிறார்கள், அவரவர் நகரக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். ஆண்டு முழுக்கப் பூட்டிக்கிடந்து கல்யாணத்துக்கு மட்டும் மூச்சுவிடும் வீடுகளைக் கானாடுகாத்தானில் பார்த்திருக்கிறேன்.

சுயமரியாதைத் திருமணம் செய்த மாற்றத்தை இந்தக் கோணத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்தது தொடக்கம். 1967இல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட ஏற்பு வந்தது. ஏற்பாட்டுப் பட்டியலில் வாத்தியார் போனார், தலைமை தாங்குபவர் வந்தார். அக்கினி போனது, மேடையும் மைக்கும் நாற்காலியும் வந்தன. நாற்காலி போட்டால் வீட்டு முற்றம் போதுமா? மண்டபம் தேவைப்பட்டது. சடங்கோடு மணம் முடிப்பவர்களும் பிறகு அந்த மேடையையும் மைக்கையும் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு "ரிசப்ஷன்" என்று பெயர் வைத்து.

1963இல் ஆனந்த விகடனில் சாவி எழுதிய "வாஷிங்டனில் திருமணம்" படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் படியுங்கள், சிரித்து மாளாது. எனக்கு அது ஓர் ஆவணமும்கூட. ஒரு தமிழ்க் கல்யாணத்தை அமெரிக்காவில் நடத்த யார் யார் விமானம் ஏற வேண்டும் என்று பாருங்கள்: சாஸ்திரிகள், சமையல்காரர்கள், மேளம், அப்பளம் இடப் பாட்டிமார்கள். அப்பளத்துக்கு உறவும் அண்டை வீடும் உட்கார்ந்த காலம் முடிந்து, அதற்கும் ஆள் வைக்கும் காலம் தொடங்கும் விளிம்பில் எழுதிய கதை. இன்று அவ்வளவு பேரும் ஒரே "பேக்கேஜ்" என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

மண்டபம் வந்ததால் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டதா என்றால் இல்லை. மண்டபங்களின் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள், பல ஏதாவது ஒரு சமூகச் சங்கத்தின் பெயரில் இருக்கும். சில இடங்களில் முன்பதிவுக்குப் போனால் தேதி கேட்பதற்கு முன்னால் "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். என்னிடம் படித்த தலித் மாணவர் ஒருவர், அரசு உத்தியோகத்தில் இருப்பவர், மகள் கல்யாணத்துக்குச் சொந்த ஊரில் மண்டபம் கேட்டபோது மூன்று தேதி சொல்லியும் மூன்றும் "புக் ஆயிடுச்சு". அந்தத் தேதிகளில் ஒன்றில் அங்கே பூட்டுத் தொங்கியதை நானே போகும்போது பார்த்தேன். கல்யாணம் பக்கத்து டவுனில் நடந்தது. அரசு கட்டிய சமுதாயக் கூடங்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அங்கே மின்விசிறி ஓடாது, குழாயில் தண்ணீர் வராது என்று குறை சொல்லுங்கள், பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். ஆனால் அந்தக் கூடம் இல்லாமல் பந்தல் போட நாலு சென்ட் இடம்கூட இல்லாத குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. மண்டபம் பார்க்கப் போனால் ஏசி எத்தனை டன், மேடை எத்தனை அடி என்று கேட்பதற்கு முன் படிக்கட்டைப் பாருங்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். மாடியில் முகூர்த்தம், மேலே கீற்றுக் கொட்டகை. வீடியோ விளக்கின் மின்வயரிலிருந்து தீ பிடித்தது என்றார்கள். இறங்கக் குறுகிய படிக்கட்டு. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்து, ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிக்கூடம், அதே கீற்று, அதே குறுகல் படி, 94 பிள்ளைகள். ஓர் ஆசிரியனால் அந்த ஆண்டைத் தேதியாக மட்டும் சொல்ல முடியாது. அதற்கு மேல் எழுத வரவில்லை. மாடி மண்டபம் என்றால் இரண்டு படிக்கட்டு இருக்கிறதா, இரண்டாவது படிக்கட்டில் வாடகை நாற்காலியை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள். மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது ரசீது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஆன பிறகு, "பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம் சார்" என்ற பேச்சு சகஜமாகிவிட்டது. குறைத்துக்கொண்டவர்கள் 2020இல் பட்ட பாடு தெரியுமல்லவா? மே மாதம் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. ஆயிரம் பேருக்கு மண்டபம் பிடித்தவர்கள் வீட்டு வாசலில் தாலி கட்டினார்கள். அட்வான்ஸைத் திரும்பக் கேட்கப் போனபோது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்கள் உறவிலேயே இரண்டு குடும்பம். ரசீது வைத்திருந்தவர்களுக்கு வேறு தேதியாவது கிடைத்தது. ரசீதில் தேதி மாற்றினால் என்ன, ரத்து செய்தால் என்ன என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். வெற்றிலை பாக்கு காலத்தில் வாய்ச்சொல் போதுமாக இருந்ததற்குக் காரணம் இரண்டு பேரும் அதே ஊரில் வாழ்ந்து சாக வேண்டியிருந்தது. இன்றைய மண்டப மேனேஜரை அடுத்த வருடம் அதே நாற்காலியில் பார்ப்பீர்களா என்பதே நிச்சயம் இல்லை.

சமையலுக்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை. ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள், போங்கள். அதோடு, அவருடைய ஆட்கள் இரவு எங்கே படுக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். நூறு பேர் சாப்பிடும் சாம்பாரைக் கிளறுகிறவர் மதியம் நாலு மணிவரை பட்டினி என்றால், பழைய பந்தல் கதையை நாம் பணம் கொடுத்துத் தொடர்கிறோம். பரிமாறுகிறவர்களுக்கும் மேளக்காரருக்கும் வீடியோ தம்பிகளுக்கும் பந்தியில் இலை போடச் சொல்லி, அந்த எண்ணிக்கையையும் சேர்த்தே சமையல்காரரிடம் கொடுங்கள். மீதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணக் கணக்கு நோட்டு, மொய் நோட்டு, சத்திர வாடகைச் சீட்டு, மேளத்துக்குக் கொடுத்த ரசீது ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள். 1980க்கு முந்தையது என்றால் நானே நேரில் வந்து பார்க்கிறேன். உங்கள் ஊரில் முதல் மண்டபம் எந்த இடத்தில் வந்தது, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டும் எழுதுங்கள். கண் ஆபரேஷன் முடிந்து மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் போடத் தாமதமாகும்.